திரும்பி வரும் வித்தை

போர் விமானி ஒருவரின் வாழ்க்கையை எழுத உட்காருகிறவர்கள் முதலில் கேட்பது, எத்தனை விமானங்களை வீழ்த்தினார் என்பதைத்தான். ஜப்பானியக் கடற்படை விமானி சாபுரோ சகாயின் பெயருக்குப் பக்கத்தில் 64 என்ற எண் அச்சாகி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. 1957இல் அமெரிக்காவில் வெளியான 'சாமுராய்!' என்ற நூல் அந்த எண்ணை ஊர் உலகமெல்லாம் கொண்டுசேர்த்தது. ஃப்ரெட் சைட்டோ என்ற பத்திரிகையாளர் சகாயிடம் கேட்டுத் திரட்டியதை வைத்து மார்ட்டின் கைடின் எழுதிய நூல் அது. விறுவிறுப்பாக எழுதத் தெரிந்தவர் கைடின். அந்த விறுவிறுப்புக்கு உண்மை சில இடங்களில் விலை கொடுத்திருக்கிறது. பிற்காலத்தில் போர்ப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் சொல்லும் கணக்கு 64இல் பாதியைக்கூட எட்டவில்லை.

எனக்கு இந்த எண்ணில் அக்கறை இல்லை. சகாயை நான் மீண்டும் மீண்டும் படிப்பது அவர் திரும்பி வந்தவர் என்பதற்காக. விமானி திரும்பி வருவதை ஒரு பொருட்டாகவே கருதாத படையில், திரும்பி வருவதற்கு இடமே வைக்காமல் செய்யப்பட்ட விமானத்தில், கடைசியில் திரும்பவே கூடாது என்ற கட்டளையையும் வாங்கிக்கொண்டு பறந்த மனிதர், ஒவ்வொரு முறையும் எப்படியோ தரையிறங்கினார். அந்த 'எப்படியோ'வுக்குள் என்ன இருந்தது என்பதுதான் என் கேள்வி.

அவர் பிறந்தது 1916இல், கியூஷு தீவின் சாகா பகுதியில். சாவுக்கு எந்நேரமும் ஆயத்தமாக இருப்பதே சாமுராயின் வாழ்வு என்று போதிக்கும் 'ஹகாகுரே' அந்தச் சாகா மண்ணில் உருவான நூல். சகாயின் குடும்பமும் சாமுராய் வம்சம்தான். ஆனால் வாளையும் மானியத்தையும் அரசு பறித்துக்கொண்டு இரண்டு தலைமுறை ஆகிவிட்டிருந்தது. மிஞ்சியது வம்சப் பெருமையும் வறுமையும். பதினோரு வயதில் தகப்பன் போனார். ஏழு பிள்ளைகளைத் தாய் வயலில் பாடுபட்டு வளர்த்தாள். டோக்கியோவிலிருந்த மாமா பையனை அழைத்துப்போய் நல்ல பள்ளியில் சேர்த்தார். பையன் படிக்கவில்லை, அடிதடியில் இறங்கினான், மாமா திருப்பி அனுப்பிவிட்டார். ஊர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கத்தோடு வீட்டுக்கு வந்தவன், பதினாறு வயதில், 1933 மே 31 அன்று, சசெபோ துறைமுகத்தில் கடற்படையில் சேர்ந்தான். அவர் வாழ்க்கையில் கசப்பான திரும்பி வருதல் அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. மற்றவையெல்லாம் மரணத்திலிருந்து, இது மட்டும் தோல்வியிலிருந்து.

கடற்படைப் பயிற்சி என்பது அடிதான். இரவில் தூங்குகிறவனை எழுப்பிக் குனிய வைத்து, தடித்த கம்பால் பின்புறத்தில் விளாசுவார்கள். ஒருவன் செய்த தப்புக்கு வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் அடி. வாய்விட்டு அழுதால் மறுபடியும் முதலிலிருந்து. இந்தக் கொடுமையைச் சகாய் பிற்காலத்தில் மறைக்கவும் இல்லை, மகிமைப்படுத்தவும் இல்லை. கிரிஷிமா, ஹருனா என்ற பெரும் போர்க்கப்பல்களில் பீரங்கி வேலை பார்த்துவிட்டு, 1937இல் விமானிப் பயிற்சிக்குத் தேர்வானார். அந்தப் பள்ளி சலித்தெடுக்கும் பள்ளி. எழுபது பேர் உள்ளே போனார்கள், இருபத்தைந்து பேர் தேறினார்கள் என்று அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். இரும்புக் கம்பத்தின் உச்சியில் ஒற்றைக் கையால் தொங்க வேண்டும். நீருக்கடியில் ஒன்றரை நிமிடமாவது மூச்சடக்க வேண்டும். பறக்கும் ஈயைக் கையால் பிடித்துப் பழக வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது கண் பயிற்சி: பட்டப்பகலில் வானத்தில் நட்சத்திரம் தேடுவது. ஒன்றைக் கண்டுபிடித்ததும் பார்வையைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பிவிட்டு, மறுகணம் அதே நட்சத்திரத்துக்கு மீள வேண்டும். நாள்கணக்கில், மாதக்கணக்கில் இதே வேலை. எதிரி விமானம் ஒரு புள்ளியாகத் தெரியும்போதே கண்டுவிடுகிற கண் அவருக்கு இப்படி அமைந்தது. அந்தப் பிரிவில் முதல் மாணவராகத் தேறி, பேரரசரின் பெயரால் தரப்படும் வெள்ளிக் கடிகாரத்தைப் பெற்றார். சாகாவுக்குத் தலைகுனிந்து திரும்பிய பையனுக்கு அந்தக் கடிகாரம் என்னவாக இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

1938இல் சீனப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அதைப் பற்றிப் பிறகு சொல்ல வேண்டியிருக்கிறது.

அவருக்குக் கிடைத்த விமானத்தைச் சொல்லாமல் அவரைச் சொல்ல முடியாது. மிட்சுபிஷி நிறுவனத்தின் ஜிரோ ஹொரிகோஷி வடிவமைத்த ஸீரோ 1940இல் களத்துக்கு வந்தது. வேகம், வளைந்து திரும்பும் லாகவம், நெடுந்தூரம் பறக்கும் திறன் மூன்றையும் ஒன்றாகக் கேட்டது கடற்படை. கையில் இருந்ததோ ஆயிரம் குதிரைச் சக்திகூட இல்லாத எஞ்சின். ஹொரிகோஷி எடையைக் குறைத்தார். சட்டங்களில் துளையிட்டார், புது வகை அலுமினியக் கலப்பு உலோகத்தைப் பயன்படுத்தினார். விமானியின் முதுகுக்குப் பின்னால் கவசத் தகடு இல்லை. குண்டு பட்டால் தானே ஓட்டையை அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் இல்லை. அதனால்தான் அது மூவாயிரம் கிலோமீட்டர் பறந்தது. அதனால்தான் ஒரே ஒரு சரியான அடியில் தீப்பந்தமும் ஆனது. 1942 ஏப்ரலில் கொழும்பின்மேலும் திருகோணமலைமேலும் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாக வந்தவை இந்த ஸீரோக்கள்தாம். அந்தப் பீதியில்தான் சென்னைப் பட்டணம் பாதி காலியானது. நம் வீடுகளில் பாட்டிமார் சொல்லிவந்த 'ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம்' அது. சகாய் அவற்றைச் சுமந்துவந்த கப்பல்களில் இல்லை. அந்த மாதத்தில்தான் அவர் நியூகினியின் லே தளத்துக்கு வந்தார்.

லே, கடலை ஒட்டிய சின்ன ஓடுதளம். உள்நாட்டுத் தங்கச் சுரங்கங்களுக்குச் சாமான் ஏற்றிச் செல்ல ஆஸ்திரேலியர்கள் போட்டது. 1937 ஜூலையில் அமீலியா இயர்ஹார்ட் தன் கடைசிப் பயணத்துக்குக் கிளம்பியதும் இங்கிருந்துதான். அவர் திரும்பவில்லை. ஐந்து ஆண்டுக்குப் பிறகு அதே தளத்தில் தைனான் படைப்பிரிவின் இளைஞர்கள் நாள்தோறும் கிளம்பிப் போனார்கள்: நிஷிஸாவா, ஓட்டா, இவர்களின் அதிகாரி ஸஸாய், சகாய். அவர்கள் பாராசூட்டை உட்காரும் மெத்தையாக மட்டுமே வைத்திருந்தார்கள். அதை உடம்போடு பிணைக்கும் வார்களை மாட்டிக்கொள்வதில்லை. வார் மாட்டினால் கைகால் அசைக்க வசதிப்படாது என்பது ஒரு காரணம். எதிரி மண்ணில் உயிரோடு இறங்கிக் கைதியாவது நினைக்கவே கூடாதது என்பது இன்னொன்று. ரேடியோ சரியாக வேலை செய்யாததால் அதைக் கழற்றி எறிந்தார்கள். அதன் மரக் கம்பத்தையும் ரம்பத்தால் அறுத்தார்கள். சில கிலோ எடை மிச்சம். எடையை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்த விமானத்தில் கடைசியில் கழிக்கப்பட்டது அதை ஓட்டுகிறவனின் பிழைப்பு. இது தொழில்நுட்பக் குறைபாடு அல்ல, கொள்கை. ஒரு விமானியை உருவாக்க ஆண்டுகள் பிடிக்கும் என்று தெரிந்திருந்தும், அவனைக் காப்பாற்ற ஐம்பது கிலோ தகடு சேர்க்க மனம் வராத கொள்கை.

இந்தக் கொள்கைக்கு நடுவில் சகாய் தனக்கென்று ஒரு சிக்கனம் வளர்த்துக்கொண்டார். போர் தொடங்குமுன் தைனானில் நடந்த பயிற்சியில், எஞ்சின் சுழற்சியைக் குறைத்து, எரிபொருளோடு சேரும் காற்றை மிகுத்து, மணிக்குப் பதினேழு கேலனுக்கும் குறைவாகச் செலவழித்துப் பறக்கப் பழகினார். பிரிவிலேயே குறைந்த செலவு அதுதான் என்று அவருக்குப் பெருமை. சுட்டு வீழ்த்தும் கலையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ அவருடைய வித்தையின் மையமே இதுதான். திரும்பி வருவதற்கான எண்ணெயை, போகும் வழியிலேயே சேமிப்பவர் அவர்.

1942 ஆகஸ்ட் 7. அன்று காலை அமெரிக்கப் படைகள் குவாடல்கனால் தீவில் இறங்கின. அப்போது சகாய் இருந்த ரபால் தளத்தில், வேறு இலக்குக்குத் தயாராக நின்ற விமானங்களைச் சட்டென்று அங்கே திருப்பிவிட்டார்கள். ரபாலிலிருந்து குவாடல்கனால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். போக ஆயிரம், வர ஆயிரம், நடுவில் சண்டை. ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு அந்தக் காலத்தில் யாரும் கேட்டிராத தூரம்.

தீவின் மேல் சகாய் ஓர் அமெரிக்க வைல்டுகேட் போர் விமானத்தோடு மோதினார். ஓட்டியவர் ஜேம்ஸ் சதர்லண்ட். ஏற்கெனவே பல ஸீரோக்களோடு மல்லாடிச் சேதப்பட்டிருந்த அந்த விமானத்தின் துப்பாக்கிகள் வேலை செய்யவில்லை. சகாய்க்கு அது தெரியாது. நூற்றுக்கணக்கான சிறு குண்டுகளைப் பாய்ச்சியும் அது பறந்துகொண்டே இருந்தது அவரைத் திகைக்க வைத்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தார். கவசத் தகடும் தானே அடைத்துக்கொள்ளும் தொட்டியும் உள்ள விமானம் எப்படி இருக்கும் என்பதை அவர் கண்ணால் கண்ட கணம் அது என்று நினைக்கிறேன். அதே குண்டுகள் ஸீரோவின்மேல் பட்டிருந்தால் பஸ்பம். கடைசியில் இருபது மில்லிமீட்டர் பீரங்கியால் சுட்டார். சதர்லண்ட் பாராசூட்டில் குதித்தார். தீவு மக்கள் உதவியால் பிழைத்துத் தன் ஆட்களிடம் போய்ச் சேர்ந்தார். அவரும் திரும்பி வந்தவர்தான். அவர் விமானம் திரும்பி வரவென்றே செய்யப்பட்டது. 1998இல் அதன் சிதைவுகளைக் காட்டுக்குள் கண்டுபிடித்தார்கள்.

சற்று நேரத்தில் எட்டு விமானங்கள் கூட்டமாகப் போவதைச் சகாய் பார்த்தார். பின்னால் சுட ஆளில்லாத வைல்டுகேட்கள் என்று எண்ணி, பின்பக்கமாக நெருங்கினார். பகலில் நட்சத்திரம் கண்ட கண் அன்று பிழை செய்தது. அவை டான்ட்லெஸ் குண்டுவீச்சு விமானங்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் இரட்டைத் துப்பாக்கியோடு ஒருவன் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தான். பதினாறு துப்பாக்கிகள் ஒரே நேரத்தில் அவரை நோக்கி வெடித்தன. விலக நேரமில்லை.

வலது கண்ணுக்கு மேலே குண்டு மண்டையை உழுதுகொண்டு போனது. முன்கண்ணாடி நொறுங்கிற்று. ஸீரோ கடலை நோக்கி விழ ஆரம்பித்தது. முகத்தில் அறைந்த காற்றில் நினைவு வந்தபோது ஒன்றுமே தெரியவில்லை. இடது கையும் இடது காலும் அசையவில்லை. வலது கையால் பிடியைப் பின்னுக்கு இழுத்து விமானத்தை நிமிர்த்தினார். சாகப்போகிறோம் என்று தெரிந்ததும் அம்மாவை நினைத்து அழுததாகச் சொல்லியிருக்கிறார். அந்தக் கண்ணீர்தான் கண்ணில் கட்டியிருந்த ரத்தத்தைக் கழுவியது. இடது கண்ணில் மங்கலாக வெளிச்சம் வந்தது. வலது கண்ணுக்கு வரவேயில்லை.

காயத்தைக் கட்ட வைத்திருந்த துணியைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனது. கழுத்திலிருந்த பட்டுத் துண்டைக் கிழித்துக் கிழித்து வைத்தார், அதுவும் பறந்தது. கடைசியில் மிச்சத் துணியைத் தலைக்கவசத்துக்குள் திணித்து அமுக்கினார். ரத்தம் நின்றது. பிறகு வந்தது தூக்கம். அதுதான் பெரிய எதிரி. கண் செருகும், விமானம் சரியும், விழித்து நிமிர்த்துவார். மறுபடியும் செருகும். தூக்கம் வரும்போதெல்லாம் காயம்பட்ட தலையில் தானே அடித்துக்கொண்டார், வலியில் விழித்திருப்பதற்காக.

நடுவில் ஒரு யோசனை வந்தது. எப்படியும் ரபால் போய்ச் சேரப்போவதில்லை. திரும்பிப் போய் ஏதாவது எதிரிக் கப்பலில் மோதிச் சாகலாம். அவர் பிறந்த மண்ணின் நூலும், அவரை அடித்து வளர்த்த கடற்படையும் கற்றுக்கொடுத்தது அதுதான். விமானத்தைத் திருப்பவும் செய்தார். பிறகு தலை தெளிந்த ஒரு நேரத்தில் மனசு மாறி மறுபடி வடக்கே திருப்பினார். இந்தத் திருப்பத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். அவர் அதை வீரமாகச் சொல்லவில்லை. பிழைத்துப்பார்க்கலாமே என்று தோன்றியதாகத்தான் சொன்னார். எந்தப் பயிற்சியும் தராத, எந்தப் பதக்கமும் கொடுக்கப்படாத ஒரு முடிவு.

பழைய சிக்கனம் இப்போது கைகொடுத்தது. ஒற்றைக் கையால் எரிபொருள் கலவையை மெலியவைத்து, சொட்டுச் சொட்டாகச் செலவழித்தார். வழி தவறியது. திசைகாட்டியைப் பார்க்க ரத்தத்தைத் துடைக்க வேண்டியிருந்தது. குதிரை லாட வடிவில் ஒரு பவளத் தீவு தென்பட்டபோது, அது கிரீன் தீவு என்று அடையாளம் கண்டுகொண்டார். அங்கிருந்து ரபாலுக்கு வழி தெரியும். நான்கு மணி நேரம் நாற்பத்தேழு நிமிடம் பறந்து, தொட்டி வறண்டுபோகும் தறுவாயில் ஓடுதளத்தில் இறங்கினார். தூக்கிப்போக வந்த நண்பர்களிடம், முதலில் மேலதிகாரியிடம் அறிக்கை சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சொல்லிவிட்டுத்தான் விழுந்தார்.

ஜப்பானுக்கு அனுப்பி, மயக்க மருந்து இல்லாமல் கண்ணில் அறுவை செய்தார்கள். வலது கண் போனது போனதுதான். மருத்துவமனையில் படுத்திருக்கும்போது லேயின் தோழர்களைப் பற்றிய சேதிகள் வந்தன. ஸஸாய் அதே ஆகஸ்டில் போனார். ஓட்டா அக்டோபரில். நிஷிஸாவா மட்டும் 1944 வரை இருந்து, பிலிப்பைன்ஸில் ஒரு சரக்கு விமானத்தில் பயணியாகப் போகும்போது செத்தார். வானத்தில் யாராலும் வெல்ல முடியாதவர் என்று பேர் வாங்கியவர், கையில் பிடியில்லாமல், பின் இருக்கையில் உட்கார்ந்தபடி.

சகாயைப் பயிற்சி ஆசிரியராகப் போட்டார்கள். எழுபதில் இருபத்தைந்தைச் சலித்தெடுத்த காலம் மலையேறிவிட்டது. இப்போது வந்த பையன்களுக்குப் பறக்கவே சரியாக வரவில்லை. ஆனாலும் போர்முனைக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தார்கள். அதைப் பார்த்துச் சகாய் மனம் நொந்திருக்கிறார். 1944இல் ஆள் தட்டுப்பாட்டில் ஒற்றைக் கண்ணோடு அவரையே மறுபடி பறக்க விட்டார்கள். இவோ ஜிமாவுக்குப் போனார். ஜூன் 24 அன்று, தூரத்தில் தெரிந்த விமானங்களைத் தம்முடையவை என்று எண்ணி அருகே போனால், அவை அமெரிக்க ஹெல்கேட் போர் விமானங்கள். பதினைந்து விமானங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டன. ஸீரோவை இடமும் வலமுமாக ஒடித்து ஒடித்துத் தப்பித் தீவில் இறங்கினார். விமானத்தில் ஒரு குண்டுத் துளைகூட இல்லை என்று அவர் சொன்னார். அந்தத் துளைக் கணக்கை நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர் இறங்கியதை யாரும் மறுக்கவில்லை.

ஜூலைத் தொடக்கத்தில் அந்தக் கட்டளை வந்தது. எஞ்சியிருந்த கொஞ்ச விமானங்கள் கிளம்பிப் போய் அமெரிக்கக் கப்பற்படையைத் தேட வேண்டும். வழியில் சண்டையிடக் கூடாது. டார்பிடோவைப் போட்டுவிட்டுத் திரும்பவும் கூடாது. விமானத்தோடு கப்பலில் மோத வேண்டும். தற்கொலைப் படை என்று உலகம் அறிந்த கமிகாசே பிலிப்பைன்ஸில் முறையாகத் தொடங்கியது அக்டோபரில். அதற்கு மூன்று மாதம் முன்பே, பெயர் வைக்கப்படாத அந்த யோசனை இவோ ஜிமாவில் சகாய் கையில் கொடுக்கப்பட்டது.

போனார்கள். கப்பல்களைக் காண்பதற்குள் ஹெல்கேட்கள் வந்து விழுந்தன. டார்பிடோ விமானங்கள் ஒன்று பாக்கி எல்லாம் எரிந்து கடலில் போயின. சகாய் மேகத்துக்குள் புகுந்து வெளிவந்தபோது, கூட வந்த இளைஞர்கள் அவரை விட்டு அகலாமல் பக்கத்திலேயே பறந்துகொண்டிருந்தார்கள். மழை. பொழுது சாய்கிறது. கப்பல் எங்கே என்று தெரியவில்லை. எண்ணெய் தீரும்வரை தேடிக் கடலில் விழுவதா? தனி ஆளாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ. தம்மையே பார்த்துக்கொண்டு பறக்கும் பையன்களைத் திரும்பிப் பார்த்தார். விமானத்தை இவோ ஜிமாவை நோக்கித் திருப்பினார். அவர்களும் திருப்பினார்கள். இருட்டில் அந்தச் சின்னத் தீவைக் கண்டுபிடித்து இறங்கினார்கள்.

அவமானத்தால் அவருக்குக் கால் கூசியதாம். கட்டளையை மீறிய குற்றவாளியாக மேலதிகாரி முன் நின்றார். அந்த அதிகாரி அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சாகாத குற்றத்துக்காகச் சகாய்தான் நெடுநாள் தம்மையே நொந்துகொண்டார். 1942இல் தனியாக எடுத்த முடிவை 1944இல் பிறருக்காகவும் எடுத்தார் என்று நான் இதைப் படிக்கிறேன். முன்னதைவிட இது கடினமானது. குண்டடிபட்டுக் குற்றுயிராகத் திரும்புகிறவனை யாரும் கோழை என்று சொல்ல மாட்டார்கள். உடம்பில் கீறல் இல்லாமல், எண்ணெய் மிச்சத்தோடு, மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு திரும்புகிறவனை அந்தப் படையில் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். போர் முடிவதற்குள் கமிகாசே விமானிகள் ஏறத்தாழ 3,800 பேர் போனார்கள். பலர் இருபது வயதைச் சுற்றியவர்கள். அந்தப் பையன்களை வழியில் திருப்பக்கூடிய மூத்தவர்கள் அவர்கள் பக்கத்தில் அதிகம் இருக்கவில்லை.

போரில் தாம் பெருமைப்படும் ஒன்று உண்டென்றால், தம் கீழே பறந்த துணைவர் எவரையும் இழக்கவில்லை என்பதுதான் என்று சகாய் முதுமையில் சொல்லிவந்தார். வீழ்த்திய எண்ணிக்கையை முதலில் சொல்ல மாட்டார்.

இங்கே அவரைப் புனிதராக்கிவிடும் ஆசை எனக்கும் வருகிறது. அதைத் தடுக்கச் சில சங்கதிகள் உண்டு. 1945 ஆகஸ்ட் 15இல் பேரரசர் சரணடைவை அறிவித்த பிறகும், டோக்கியோ வானில் படமெடுக்க வந்த அமெரிக்க பி-32 விமானங்களை எதிர்த்துக் கிளம்பிய ஜப்பானிய விமானிகளில் சகாயும் இருந்தார். 18ஆம் தேதி நடந்த அந்தத் தாக்குதலில் அந்தோணி மார்கியோன் என்ற இளைஞர் ரத்தம் கொட்டி இறந்தார். அந்தப் போரின் வான்சண்டையில் இறந்த கடைசி அமெரிக்கர் அவர். யாருடைய குண்டு என்று சொல்ல முடியாது. போர் முடிந்த பிறகு போன உயிர் அது என்பதை மட்டும் சொல்லலாம்.

போருக்குப் பிறகான சகாய் வேறு ஆள். கையில் காசில்லை. மனைவி ஹட்சுயோ சில ஆண்டுகளில் இறந்துபோனார். சின்ன அச்சகம் வைத்தார். பழைய தோழர்களுக்கு அங்கே வேலை கொடுத்தார். பௌத்த வாழ்வைத் தழுவி, உயிருள்ள எதையும், ஒரு கொசுவைக்கூட, இனிக் கொல்வதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டார். மகளைப் படிக்க அமெரிக்காவுக்கு அனுப்பினார்; அவள் அமெரிக்கரையே மணந்தாள். எண்பதுகளில் அமெரிக்கா போனபோது ஹரோல்டு ஜோன்ஸைச் சந்தித்தார். குவாடல்கனாலின் மேல் அவரைச் சுட்ட டான்ட்லெஸ் துப்பாக்கிக்காரர்களில் ஒருவர் ஜோன்ஸ். சதர்லண்டைச் சந்திக்க முடியவில்லை. காட்டிலிருந்து பிழைத்து வந்த அந்த மனிதர் 1949இல் ஒரு விமான விபத்தில் போய்விட்டார். 2000 செப்டம்பர் 22 அன்று, அட்சுகியில் அமெரிக்கக் கடற்படை அளித்த விருந்தில் சகாய்க்கு நெஞ்சு வலித்தது, அன்றே இறந்தார். வயது 84.

கடைசிக் காலத்தில் அவர் வெளிப்படையாகவே பேசினார். கமிகாசேயால் படையின் மன உறுதி உயர்ந்தது என்று தளபதிகள் சொன்னது பொய் என்றார். போருக்கு ஆணையிட்டவர்கள் பொறுப்பேற்கவில்லை என்றார். பேரரசரைக்கூட அந்தக் கேள்வியிலிருந்து விலக்கவில்லை. ஜப்பானில் ஒரு பழைய படைவீரர் இதைப் பேசுவது சின்ன விஷயம் அல்ல. பழைய விமானிகள் பலருக்கு அது பிடிக்கவுமில்லை.

ஆனால் கேள்வி மேலே இருந்தவர்களோடு முடிந்துவிடுவதில்லை. சகாய் சொல்லும் ஒரு கதை உண்டு. 1942இல் டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகள்மேல் ரோந்து போகும்போது ஒரு பயணி விமானம் எதிர்ப்பட்டது. எதிரி விமானம் எதுவானாலும் வீழ்த்த வேண்டும் என்பது கட்டளை. பக்கத்தில் பறந்து பார்த்தார். சன்னலில் பொன்னிற முடியோடு ஒரு பெண்ணும் குழந்தையும். டோக்கியோப் பள்ளியில் தம்மிடம் அன்பாக இருந்த அமெரிக்க ஆசிரியரின் மனைவி ஞாபகம் வந்துவிட்டது. சுடவில்லை. போகலாம் என்று விமானிக்குச் சைகை காட்டிவிட்டு, தளத்தில் வேறு ஏதோ சொல்லிச் சமாளித்தார். இந்தக் கதையை நான் நம்பவே விரும்புகிறேன். அவர் குணத்தோடு அது பொருந்துகிறது. ஒரு முகத்தைக் கண்டதும் கட்டளை அவருக்குச் செல்லாக்காசாகிவிடுகிறது. இவோ ஜிமாவுக்குத் திரும்பிய மாலையும் அப்படித்தான்.

முகம் தெரியாத இடத்தில்? 1938 முதல் 1941 வரை இடையிடையே அவர் பறந்தது சீனத்தின்மேல். 1941இல் ஹாங்கோவிலிருந்து ஸீரோவில் பறந்தார். அந்தத் தளத்திலிருந்து கிளம்பிய குண்டுவீச்சு விமானங்கள் அந்த ஆண்டுகளில் சோங்சிங் நகரத்தைத் திரும்பத் திரும்பத் தாக்கின. ஸீரோக்கள் துணையாகப் போன வானத்தில் எதிர்க்க ஆளே இல்லாமல் போயிற்று. 1941 ஜூன் 5 இரவு, குண்டுக்குப் பயந்து ஒரு சுரங்கப் பதுங்கிடத்துக்குள் அடைந்த மக்கள் காற்றில்லாமல் நெரிந்து செத்தார்கள். குறைந்தது ஆயிரம் பேர். பல ஆயிரம் என்பாரும் உண்டு. அன்று இரவு சகாய் அங்கே பறந்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் தொழில் வானத்தைத் துடைத்துக் கொடுப்பது. துடைத்த வானத்தில் யார் என்ன போட்டார்கள் என்பது கீழே இருந்தவர்களின் கதை. 'சாமுராய்!' நூலில் சீனப் பகுதி மிகச் சுருக்கம். அதில் மற்ற விமானங்கள் வருகின்றன, விமானிகள் வருகிறார்கள், நகரம் வருவதில்லை. கைடின் விட்டாரா, சகாய் சொல்லவில்லையா என்பது எனக்கு முக்கியமில்லை. அந்த நகரத்தில் உயிர் தப்பியவர்கள் தங்கள் நினைவுகளைச் சொல்லியிருக்கிறார்கள். சகாயைப் படித்து முடித்த கையோடு அவற்றைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.